மயக்கம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்களா?

அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, அதற்குப் பிந்தைய வலி குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மயக்கவியல் மருத்துவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. பித்தப்பை ஆபரேஷன் மதியம் 2 மணிக்கு. முந்தைய இரவு 10 மணிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்கிறார்கள். 16 மணி நேரம் நாக்கு வறண்டு கிடக்கத்தான் வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. பட்டினி எதற்கு என்பது புரிந்தால் கணக்கும் புரியும். மயக்கம் ஏறும்போது இருமலும் விழுங்குதலும் அடங்கிவிடும், இரைப்பையின் மேல்வாயை இறுக்கிப் பிடிக்கும் தசையும் தளரும். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால், அதை இருமித் தள்ள உடம்பால் முடியாது. பிரசவத்துக்காக மயக்கம் பெற்ற பெண்களிடம் இப்படி நேர்வதை 1946-ல் மெண்டல்சன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் விரிவாக எழுதினார். 44,016 பேரில் 66 பேருக்குப் புரையேறியிருந்தது. இரைப்பை அமிலமே நுரையீரலைப் புண்ணாக்குகிறது என்பதை முயல்களிடம் சோதித்தும் காட்டினார். ‘நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் கூடாது’ என்ற வழக்கம் அதற்குப் பிறகுதான் இறுகியது.

ஆனால் தண்ணீரும் சோறும் வயிற்றில் ஒரே நேரம் தங்குவதில்லை. இன்றைய வழிகாட்டுதல்படி, தெளிந்த பானங்களை மயக்கம் கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், பவுடர் பால், பசும்பால், எளிய உணவு ஆகியவற்றுக்கு 6 மணி நேரம், எண்ணெயில் பொரித்தது, இறைச்சி ஆகியவற்றுக்கு 8 மணி நேரம் இடைவெளி வேண்டும். தெளிந்த பானம் என்றால் தண்ணீர், சக்கையில்லாத பழச்சாறு, பால் கலக்காத காப்பி அல்லது தேநீர். அது இருக்கும் கண்ணாடித் தம்ளருக்குப் பின்னால் அச்செழுத்தைப் பிடித்தால் படிக்க முடிய வேண்டும். ஒரு கரண்டி பால் சேர்ந்தாலும் கணக்கு மாறிவிடும், ஏனென்றால் பால் இரைப்பையில் திரிந்து கட்டியாகிவிடும்.

உங்கள் அம்மா விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நாள்பட்ட சர்க்கரை சிலருக்கு இரைப்பையின் வேகத்தையே குறைத்துவிடும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, மணிக்கணக்கில் உப்பிக் கிடப்பது போன்ற தொல்லை இருந்தால் மேற்சொன்ன கணக்கு அவருக்குப் பொருந்தாது. செமாக்ளூடைட் போன்ற வாராந்திர ஊசி போடுபவர்களுக்கும் அப்படித்தான். இவர்களுக்கு முந்தைய நாள் முழுக்கத் திரவ உணவு மட்டும் கொடுப்பதோ, ஆபரேஷனுக்கு முன் ஸ்கேனில் வயிற்றைப் பார்ப்பதோ தேவைப்படலாம். ஆகவே நீங்களாகத் தண்ணீர் கொடுத்துவிடாமல், “2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் கொடுக்கலாமா டாக்டர்?” என்று மயக்க மருந்து நிபுணரிடம் கேளுங்கள். தெரியாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டாலும் மறைக்காதீர்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: அன்று காலை எந்த மாத்திரையைப் போடலாம், எதை விடலாம்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: மாத்திரைக்கு மாத்திரை விதி வேறு என்பதால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா மருந்துகளையும், ஏற்கெனவே எடுத்துவரும், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையையும் பொதுவாக ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். மெட்ஃபார்மினை அன்று காலை விட்டுவிடுவது வழக்கம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய இரண்டு சர்க்கரை மாத்திரைகளையும் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். நிறுத்தாமல் பட்டினி கிடந்தால் ரத்தம் அமிலமாகிவிடலாம். அப்போதும் சர்க்கரை அளவு ஏறக்குறைய சாதாரணமாகவே காட்டும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மூச்சு வாங்குவதும் வாந்தியும்தான் அடையாளம். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை முழுக்க நிறுத்தக் கூடாது. எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.

ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளை முந்தைய நாளே நிறுத்துவது வழக்கமாக இருந்தது. பிரான்சில் 2,222 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் பெரிய சிக்கல்களில் வேறுபாடு இல்லை. தொடர்ந்தவர்களுக்கு ஆபரேஷனின்போது அழுத்தம் அதிகம் சரிந்தது. எனவே இதில் உங்கள் மயக்க மருந்து நிபுணர் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளில் க்ளோபிடோக்ரலை 5 முதல் 7 நாள், வார்ஃபரினை 5 நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது. ஸ்டென்ட் வைத்து சில மாதங்களே ஆகியிருந்தால், மாத்திரையை நிறுத்துவது ஆபரேஷனைவிட ஆபத்தாக முடியலாம். மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். மூலிகைப் பொடி, சத்து மாத்திரை என்று எது சாப்பிட்டாலும் அதுவும் அந்தப் பையில் இருக்கட்டும்.

கேள்வி: மயக்க ஊசி போட்ட டாக்டர் அதோடு போய்விடுவாரா? பாதியில் முழிப்பு வந்து, கத்தவும் முடியாமல் கிடந்தால் என்ன செய்வது? இந்தப் பயத்திலேயே குடலிறக்க ஆபரேஷனை 2 வருடமாகத் தள்ளிப்போடுகிறேன்.

பதில்: போகமாட்டார், போகவும் கூடாது. உங்களைத் தூங்கவைக்கும் ப்ரொபோஃபால், பால் போல வெள்ளையாக இருக்கும் மருந்து. சோயா எண்ணெயில் கரைத்திருப்பதால் அந்த நிறம். ஒரு தடவை செலுத்தியது 5 முதல் 10 நிமிடத்தில் கலைந்துவிடும். 2 மணி நேர ஆபரேஷன் முழுக்க நீங்கள் உறங்குகிறீர்கள் என்றால், ஒருவர் தலைமாட்டில் இருந்து மயக்க வாயுவையோ மருந்து பம்பையோ கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறார் என்று பொருள்.

மேஜையில் படுத்ததும் முகத்தில் மாஸ்க் வைத்து 3 நிமிடம் மூச்சு விடச் சொல்வார்கள். மயக்கம் அதிலிருந்து வருவதில்லை, வருவது வெறும் ஆக்சிஜன். நுரையீரலில் இருக்கும் நைட்ரஜனை வெளியேற்றி அந்த இடத்தையும் ஆக்சிஜனால் நிரப்புகிறார்கள். இப்படி நிரப்பினால், மூச்சு நின்ற பிறகும் ஆரோக்கியமானவரின் ஆக்சிஜன் அளவு சரிய ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும். நிரப்பாவிட்டால் ஓரிரு நிமிடத்தில் சரிந்துவிடும். உடல் மிகப் பருத்தவர்களுக்கு நிரப்பினாலும் 3 நிமிடம் அளவுக்கே தாங்கும். அதனால் மாஸ்க்கைத் தள்ளாதீர்கள், கன்னத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்தட்டும். பிறகு கையில் ஒரு எரிச்சல் ஏறும். அது ப்ரொபோஃபாலின் குணம். அரை நிமிடத்தில் இமை முடியைத் தொட்டாலும் கண் சிமிட்டாது. அதன் பிறகே தசை தளர்த்தும் மருந்து போகும், மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறங்கும், கண் உலராமல் இருக்க இமைமேல் டேப் ஒட்டுவார்கள். குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதைத் திரையில் மூச்சுக்கு மூச்சு எழும் கார்பன் டை ஆக்சைடு அலை சொல்லும். அந்த அலை வராவிட்டால் குழாய் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். மறுநாள் தொண்டை கரகரப்பதற்கும் இந்தக் குழாய்தான் காரணம். ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

பாதியில் முழிப்பு வருவது உண்மையில் நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது. பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தி 2014-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், 19,000 முழு மயக்கங்களில் ஒருவர் இப்படி நடந்ததாகத் தெரிவித்திருந்தார். தசை தளர்த்தும் மருந்து சேர்ந்தால் 8,000-ல் ஒருவர். முழு மயக்கத்தில் செய்யும் சிசேரியனில் மட்டும் 670-ல் ஒருவர். பெரும்பாலானவை மயக்கம் ஏறும்போதும் தெளியும்போதும் நேர்ந்தவை. தசை தளர்த்தி போகாதவர் விழித்தால் கை கால் அசைந்து காட்டிக்கொடுத்துவிடும். போனவரால் அசைய முடியாது, ஆபத்தே அங்குதான். அதைத் தவிர்க்க, வெளிமூச்சில் உள்ள மயக்க வாயுவின் அளவை அளந்து, அது குறைந்தால் அலாரம் அடிக்கும்படி வைக்கிறார்கள். நரம்பு வழி மருந்து மட்டும் போகும்போது நெற்றியில் பட்டை ஒட்டி மூளை அலையைப் பார்க்கிறார்கள். அதில் 40 முதல் 60 வரை காட்டினால் மயக்கம் போதுமானது.

முன்பு எப்போதாவது அப்படி முழிப்பு வந்திருந்தாலோ, தூக்க மாத்திரை, மது, வலிநிவாரணி பழக்கம் இருந்தாலோ வெட்கப்படாமல் சொல்லுங்கள். மருந்தின் அளவே மாறும். குடலிறக்கம் சிக்கிக்கொண்டு அவசரமாக ஓடுவதைவிட, நாள் குறித்துப் போவது பல மடங்கு பாதுகாப்பானது. பல குடலிறக்கங்களை முதுகில் ஊசி போட்டோ அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தோ செய்ய முடியும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் பெயர் என்ன, எந்தக் கால் என்று நர்ஸ், டாக்டர் என ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். ஃபைலைப் படிக்கமாட்டார்களா?

பதில்: படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், தியேட்டரை விட்டுக் கிளம்புவதற்கு முன் என மூன்று தடவை நின்று சரிபார்க்கும் 19 அம்சப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்டது. டெல்லி, மணிலா, லண்டன் உள்ளிட்ட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும், மரணம் 1.5-லிருந்து 0.8 ஆகவும் குறைந்தன. எத்தனை தடவை கேட்டாலும் பெயரையும் பக்கத்தையும் முழுதாகச் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து 6 வருடமாக முதுகு வலி. அந்த ஊசிதானே காரணம்?

பதில்: உங்கள் வலி உண்மை. ஆனால் ஊசிமேல் பழி போட்டுவிட்டு உண்மைக் காரணத்தைத் தேடாமல் இருந்துவிடாதீர்கள். ஊசி போன இடம் சில நாள் நோகும். வருடக்கணக்கான வலியை அந்த ஊசி தருகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஊசி போடாமல் பிரசவித்த பெண்களிலும் பலருக்கு இதே வலி இருக்கிறது. கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்கள், பலமிழந்த வயிற்றுத் தசை, குனிந்தபடி பிள்ளையைத் தூக்குவதும் பாலூட்டுவதும்தான் வழக்கமான காரணங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் பலம் குறைந்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டால் பிசியோதெரபியில் பெரிதும் தேறலாம்.

ஊசி எங்கே போகிறது என்று தெரிந்தால் பயம் குறையும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே, முதல் இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, 3-க்கும் 4-க்கும் அல்லது 4-க்கும் 5-க்கும் நடுவே நுழைகிறது. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே உண்டு. தாடையை நெஞ்சில் பதித்து முதுகை வில்லாக வளைக்கச் சொல்வது எலும்புகளுக்கு இடையே வழி திறப்பதற்காக. ஊசி முடி போல மெல்லியது. உறையைத் தாண்டும்போது போடுபவரின் விரலில் ‘டொக்’ என்று ஒரு சின்ன விடுபடல் தெரியும், ஊசியின் பின்முனையில் கண்ணீர் போலத் தெளிந்த ஒரு துளி வந்து நிற்கும். அதன் பிறகே 2 முதல் 3 மில்லி மரப்பு மருந்து. உட்காரும் இடத்தில் கதகதப்பும், பிறகு கால் கனப்பதும் வரும். சில நிமிடத்தில் குமட்டினால் உடனே சொல்லுங்கள். ரத்த அழுத்தம் இறங்குகிறது என்பதற்கு அது முதல் அறிகுறி. மருந்து கொடுத்தால் ஓரிரு நிமிடத்தில் மாறிவிடும்.

இந்த ஊசியால் உண்மையிலேயே வரக்கூடியது தலைவலி. உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் அடங்கும். துளை வழியே தண்டுவட நீர் கசிவதுதான் காரணம். இந்த முறையைத் தொடங்கிவைத்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பீர், 1898-ல் தன் முதுகிலேயே போட வைத்துக்கொண்டு, இதே தலைவலியோடு பல நாள் படுத்திருந்தார். வெட்டும் முனை கொண்ட ஊசிக்குப் பதிலாகப் பென்சில் முனை கொண்ட 25, 27 அளவு மெல்லிய ஊசிகள் வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. தலையணை இல்லாமல் 24 மணி நேரம் படுத்தால் வராது என்பது வெறும் நம்பிக்கை, ஆய்வுகளில் அது நிற்கவில்லை. வந்துவிட்டால் வலி மாத்திரை, நிறையத் தண்ணீர், காப்பி. அதற்கும் அடங்காவிட்டால் உங்கள் ரத்தத்திலேயே 15 முதல் 20 மில்லி எடுத்து, கசியும் இடத்துக்கு வெளியே செலுத்தி அடைப்பார்கள். காய்ச்சல், பிடரி விறைப்பு, பார்வைக் குழப்பம், வலிப்பு சேர்ந்தால் அது வேறு விஷயம், அன்றே போக வேண்டும். ஊசி போட்டு 4 மணி நேரம் ஆகியும் காலை நேராகத் தூக்க முடியவில்லை என்றால், “கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்” என்று யார் சொன்னாலும் மருத்துவரை வரச்சொல்லுங்கள்.

கேள்வி: நகப்பூச்சை ஏன் அழிக்கச் சொல்கிறார்கள்?

பதில்: விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் பாய்ச்சி, துடிக்கும் ரத்தம் எதை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்ட வழி அது. அடர்ந்த பூச்சு ஒளியைக் குழப்பலாம். நகத்தின் நிறம் நீலம் பாய்கிறதா என்று கண்ணால் பார்க்கவும் இடம் வேண்டும். பொய்ப்பல், ஆடும் பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், விழுந்த பல் மூச்சுக்குழாயில் போய் நிற்கக்கூடும்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து கண் திறந்ததும் பல் கிட்டும் அளவுக்கு நடுங்கினேன். தியேட்டரில் ஏ.சி.யைக் குறைத்தால் போதாதா?

பதில்: ஏ.சி. பாதிக் காரணம்தான். விழித்திருக்கும் உடம்பு, சூட்டை நெஞ்சிலும் வயிற்றிலும் பூட்டிவைத்து, கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக் காக்கிறது. மயக்கம் அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. உள்ளே இருந்த சூடு கை கால்களுக்குப் பாய, முதல் ஒரு மணி நேரத்திலேயே உள் வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ் இறங்கிவிடும். மேலே நாலு போர்வை போட்டாலும் இது நிற்காது. மயக்கத்துக்கு முன்பே 10 முதல் 30 நிமிடம் சூடான காற்று ஊதும் போர்வையால் கை கால்களைக் கதகதப்பாக்கினால் இறங்குவது குறையும், ஏனென்றால் சூடு பாய்வதற்குக் குளிர்ந்த இடமே இருக்காது.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை. 1996-ல் வெளியான ஆய்வில் குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேரில், 34.7 டிகிரிக்குக் குளிர்ந்தவர்களில் 19 சதவீதம் பேருக்குப் புண்ணில் சீழ் வைத்தது. 36.6-ல் காக்கப்பட்டவர்களில் 6 சதவீதம் மட்டுமே. அப்படியானால் 37 வரை ஏற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு 5,056 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு பதில் சொன்னது: 35.5-ல் வைத்தாலும் 37-ல் வைத்தாலும் இதயச் சிக்கலிலும் மரணத்திலும் வேறுபாடு இல்லை. ஆக, 35.5-க்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. காத்திருக்கும்போதே குளிர்ந்தால் போர்வை கேளுங்கள். கூச்சப்பட்டு நடுங்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். “வலியைப் பொறுத்துக்கொள்கிறேன், மார்ஃபின் வேண்டாம், அடிமையாகிவிடுவேன்” என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: பொறுத்துக்கொள்வதால் அவருக்கு நன்மை எதுவும் இல்லை, கெடுதல் உண்டு. வயிற்றில் தையல் வலிக்கும்போது ஆழ்ந்து மூச்சு இழுக்கமாட்டார், இருமமாட்டார், எழுந்து நடக்கமாட்டார். நுரையீரலின் அடிப்பகுதி மடங்கிச் சளி தேங்கி நிமோனியா வரும், அசையாத காலில் ரத்தம் கட்டும். கடுமையான வலியை அப்படியே விட்டால், புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் வலியாக அது மாறும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால் “0 முதல் 10-க்குள் வலி எவ்வளவு?” என்று நர்ஸ் கேட்டால், படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு என்று இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது 2, இருமும்போது 8 என்றால் மருந்து போதவில்லை.

இப்போது மார்ஃபினை மட்டும் நம்பி வலியை ஆற்றுவதில்லை. பாரசிட்டமால் 1 கிராம் 6 மணிக்கொரு தடவை, சிறுநீரகமும் இரைப்பையும் நன்றாக இருந்தால் ஐபுப்ரோஃபென் போன்ற ஒன்று, தையல் ஓரத்தில் மரப்பு மருந்து அல்லது முதுகில் வைத்த மெல்லிய குழாய் வழியே மரப்பு மருந்து விடும் எபிட்யூரல், இவற்றுக்கும் அடங்காத மிச்ச வலிக்குத்தான் மார்ஃபின். ஒவ்வொன்றும் வலிப் பாதையில் வேறு வேறு இடத்தைப் பிடிக்கிறது. டென்மார்க்கில் இடுப்பு மூட்டு மாற்றிய 556 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. பாரசிட்டமால் மட்டும் பெற்றவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் நடுவளவாக 36 மில்லிகிராம் மார்ஃபின் தேவைப்பட்டது. ஐபுப்ரோஃபெனும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20 போதுமானதாக இருந்தது. வலித்த பிறகு கேட்டு வாங்காமல், இந்த இரண்டையும் நேரத்துக்குப் போடுவதில்தான் பலன். பாரசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு இன்னும் குறைவு. சளி மாத்திரை, கூட்டு வலி மாத்திரைகளுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

நோயாளியின் கையில் பொத்தான் கொடுக்கும் மார்ஃபின் பம்பும் உண்டு. ஒரு அழுத்தலுக்கு வழக்கமாக 1 மில்லிகிராம். அடுத்த 5 முதல் 10 நிமிடம் எத்தனை தடவை அழுத்தினாலும் வராது. அதன் பாதுகாப்பே, மருந்து அதிகமானால் அவர் உறங்கிவிடுவார், உறங்குபவர் அழுத்தமாட்டார் என்பதுதான். பாசத்தில் மகனோ மகளோ அழுத்தினால் அந்தக் காவல் உடைந்து மூச்சே நின்றுபோகலாம். அந்தப் பொத்தானை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. பேச்சுக் கொடுத்தால் பதிலுக்கு நடுவிலேயே கண் சொருகினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு குறைவதற்கு முன் வரும் எச்சரிக்கை அதுதான். நலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது.

அடிமையாவது பற்றிய அவர் பயத்தைத் தள்ளிவிட முடியாது. மருத்துவமனையில் சில நாள் பெறுவதால் அந்த ஆபத்து சிறிது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைகள் வாரக்கணக்கில் தொடரும்போதுதான் அது வளர்கிறது. அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஆய்வில், முன்பு பழக்கமே இல்லாதவர்களில் சுமார் 6 சதவீதம் பேர் ஆபரேஷன் முடிந்து 3 மாதம் கழித்தும் இந்த வகை மாத்திரைகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனவே எத்தனை நாளுக்கு என்று எழுதி வாங்குங்கள், மிஞ்சியதை வீட்டில் வைக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மலச்சிக்கலுக்கான மருந்தையும் முதல் நாளிலேயே கேளுங்கள்.

கேள்வி: தோள் ஆபரேஷனுக்குக் கழுத்தோரம் நரம்பு ஊசி போட்டார்கள். பகல் முழுக்க வலியே இல்லை. நள்ளிரவில் திடீரென்று உயிர் போகிற வலி. என்ன ஆயிற்று?

பதில்: மரப்பு கலைந்தது, அவ்வளவுதான். இந்த ஊசி 12 முதல் 18 மணி நேரம் நிற்கும், போகும்போது மடமடவென்று போகும். வலியில்லையே என்று மாத்திரை போடாமல் தூங்கியதுதான் தவறு. விரலில் சுருசுருப்பு தொடங்கும்போதே, அல்லது அதற்கு முன் படுக்கப் போகும்போதே மாத்திரை போட்டுவிட வேண்டும். மரத்த கைக்குச் சூடு தெரியாது, அழுத்தமும் தெரியாது. தூளியில் வைத்திருங்கள், முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றாதீர்கள். ஊசி போடும்போது உதடு மரப்பது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் வந்தால் அந்த நொடியே சொல்லுங்கள். மருந்து ரத்தத்தில் அதிகம் கலப்பதன் அடையாளம் அது. அதற்கான 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் தியேட்டரில் தயாராக இருக்கும்.

கேள்வி: தாத்தாவுக்கு 82 வயது, இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. முழு மயக்கம் கொடுத்தால் புத்தி பேதலிக்கும், முதுகில் போட்டால் நல்லது என்கிறார்களே?

பதில்: நாங்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், முதுகு ஊசி பெற்றவர்களில் 20.5 சதவீதம் பேருக்கும் முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7 சதவீதம் பேருக்கும் மனக்குழப்பம் வந்தது. வேறுபாடு இல்லை என்றே பொருள். சீனாவில் 950 பேரிடம் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. இதயம், நுரையீரல், ரத்தம் உறையாத மாத்திரை ஆகியவற்றைப் பார்த்து எது அவருக்குப் பொருந்துமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

தாமதம்தான் பெரிய எதிரி. ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் முடிந்துவிடுவது நல்லது. அதுவரை இடுப்பு மடிப்பில் போடும் நரம்பு ஊசியால் வலியை அடக்கலாம். கண் விழித்ததும் அவருடைய கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அவரிடம் இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் முகமே தெரியாமல், பேச்சே காதில் விழாமல் கிடப்பதும் பலர் குழம்புவதற்கு ஒரு காரணம். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து நாள், நேரம், இடம் சொல்லட்டும். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு, சீக்கிரம் எழுப்பி உட்காரவைப்பது. தூங்கட்டும் என்று தூக்க மருந்து கேட்காதீர்கள், அதுவே குழப்பத்தைக் கூட்டும். கூச்சலிடுபவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். சுவரைப் பார்த்துப் பேசாமல் கிடப்பவருக்கும் அதே குழப்பம் இருக்கலாம், “அமைதியாக இருக்கிறார்” என்று விட்டுவிடக் கூடாது.

கேள்வி: 8 மாதக் குழந்தைக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா?

பதில்: ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஒரு தடவை மயக்கம் பாதிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இதே குடலிறக்க ஆபரேஷன் செய்த 722 சிசுக்களைப் பாதிப்பேர் செவோஃப்ளுரேன் என்ற வாயுவில் மயக்கம், பாதிப்பேர் முதுகில் மரப்பு என்று பிரித்து, 5 வயதுவரை பின்தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை. அமெரிக்க மருந்துத் துறை 2016-ல் விடுத்த எச்சரிக்கை, 3 வயதுக்குட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்தைத் தாண்டும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கம் பற்றியது. அன்று குழந்தைக்குக் காய்ச்சலோ சளியோடு கூடிய இருமலோ இருந்தால் சொல்லிவிடுங்கள், சில வாரம் தள்ளிவைப்பார்கள். சளி பிடித்த மூச்சுக்குழாய் மயக்கத்தில் சட்டென்று இறுகிக்கொள்ளும்.

கேள்வி: போன தடவை ஆபரேஷன் முடிந்து ஒரு நாள் முழுக்க வாந்தி. மறுபடியும் வருமா?

பதில்: வர வாய்ப்பு அதிகம், ஆனால் தடுக்கலாம். பெண்ணாக இருப்பது, புகைக்காதவராக இருப்பது, முன்பு இப்படி வாந்தியோ பயண வாந்தியோ இருந்தது, பிறகு மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுவது ஆகிய நான்கில் ஒன்றும் இல்லாதவருக்கு 10 சதவீதம், நான்கும் இருந்தால் 80 சதவீதம் வாய்ப்பு. ஒவ்வொரு தடுப்பு மருந்தும் ஆபத்தில் கால் பங்கைக் குறைக்கிறது என்று 5,000 பேருக்கு மேல் பங்கேற்ற 2004 ஆய்வு காட்டியது. ஒன்றின் அளவைக் கூட்டுவதைவிட டெக்சாமெத்தசோன், ஒண்டான்செட்ரான் என்று வேறு வேறு வகையைச் சேர்ப்பதே வழி. மயக்க வாயுவை விட்டுவிட்டு ப்ரொபோஃபாலிலேயே முழு மயக்கத்தையும் நடத்தச் சொல்லிக் கேட்கலாம்.

கேள்வி: என் சித்தப்பா சின்ன ஆபரேஷனுக்குப் போய் மேஜையிலேயே இறந்தார். காய்ச்சல் அனலாக ஏறியதாம். இதை இப்போது என் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும். 1960-ல் ஆஸ்திரேலியாவில், கால் முறிந்த 21 வயது இளைஞர் ஒருவர், காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தார். அவர் உறவில் 10 பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். மருத்துவர்கள் டென்பரோவும் லவலும் அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதால்தான், ‘மேலிக்னன்ட் ஹைபர்தெர்மியா’ என்ற, குடும்பத்தில் இறங்கும் ஒரு நோய் முதல்முறையாகப் பதிவானது. இந்த மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு மயக்க வாயுக்களோ, தசை தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் என்ற மருந்தோ பட்டால், தசைக்குள் கால்சியம் மடை திறந்தது போல வெளியேறும். தசை விறைத்து, இதயம் படபடத்து, வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். உடல் கொதிப்பது அதற்குப் பிறகுதான்.

மாற்று மருந்து டான்ட்ரோலீன், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தடவைக்கே 20 மில்லிகிராம் குப்பிகள் 9 வேண்டும். ஒவ்வொன்றையும் 60 மில்லி நீரில் குலுக்கிக் கரைக்க வேண்டும், அதற்கே ஓர் ஆள் தனியாகத் தேவை. முன்கூட்டித் தெரிந்தால் இதெல்லாம் நேராமலே தவிர்க்கலாம். ப்ரொபோஃபாலும் முதுகு ஊசியும் மரப்பு ஊசியும் இவர்களுக்குப் பாதுகாப்பானவை. சித்தப்பாவின் மருத்துவமனைக் காகிதம் எதுவும் மிஞ்சியிருந்தால் எடுத்துப்போங்கள். அவருக்கு இந்தக் கோளாறு இருந்திருந்தால், அவருடைய பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் அப்பாவுக்கும் இருந்திருக்கலாம் என்பதால் நீங்களும் அந்தக் கணக்கில் வருகிறீர்கள். இந்தக் கோளாறு உண்டா என்று பார்க்கும் சோதனையின் முடிவு வரும்வரை உங்கள் வீட்டில் யாருக்கு எந்த ஆபரேஷன் என்றாலும், பல் பிடுங்குவதாக இருந்தால்கூட, இதைச் சொல்லியே தொடங்குங்கள்.